தாம்போதியில் தொலைந்த 10 மீற்றர்: திருகோணமலைக் கரையோரக் குடிநீர்க் குழாய் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருகோணமலை நகருக்கு வடக்கே, நிலாவெளியைத் தாண்டிப் புல்மோட்டைப் பக்கம் போகும் கரையோரத்தில் உள்ள ஒரு கிராமத்தின் குடிநீர்த் திட்டம் பற்றியது இந்தப் பதிவு. ஊரின் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம் என்று நீர்ப் பாவனையாளர் சங்கத்தார் கேட்டுக்கொண்டார்கள். அளவுகளை அப்படியே தந்திருக்கிறேன். இதே மாதிரிச் சிறு திட்டங்களை நடத்தும் சங்கங்களுக்கும், அவற்றில் வேலை செய்யும் பிளம்பர்களுக்கும் அந்த அளவுகள்தான் பயன்படும்.

ஊருக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. நடுவில் மணல் திட்டு. மழைநீர் மணலுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. அந்த நல்ல தண்ணீரைத்தான் ஊர் காலங்காலமாகக் கிணறு வெட்டிக் குடித்து வந்தது. 2004 சுனாமி கரையோரக் கிணறுகளை உப்பாக்கிவிட்டது. பிறகு வந்த மீள்கட்டுமானக் காலத்தில், கடலிலிருந்து தள்ளி, திட்டின் உயரமான பகுதியில் ஒரு பொதுக் கிணறும் அதன் அருகே ஒரு மேல்தாங்கியும் கட்டினார்கள். தாங்கி வட்டமானது. உள்விட்டம் 4 மீற்றர், கொள்ளளவு ஏறக்குறைய 50 ஆயிரம் லீற்றர்.

தாங்கிக்குப் பக்கத்துக் குடியிருப்புக்கு வீட்டுக்கு வீடு குழாய். களப்பு வாயைத் தாண்டி உள்ள மற்றக் குடியிருப்புக்கு, ஏறக்குறைய 160 குடும்பங்களுக்கு, தனியாக ஒரு 90 மில்லிமீற்றர் பீவீசி குழாய், ஊரில் சொல்வதுபோல எஸ்லோன் பைப், 2.1 கிலோமீற்றர் ஓடி ஒரு நிலத்தாங்கியில் விழுகிறது. நிலத்தாங்கியின் உள் அடிப்பரப்பு 3 மீற்றருக்கு 2 மீற்றர், ஆழம் 2 மீற்றர். காலையில் 4 மணித்தியாலம் இந்தக் குழாயைத் திறந்துவிடுவார்கள். நிலத்தாங்கியிலிருந்து உடனுக்குடன் தெருக்குழாய்களுக்குப் போகும். மற்ற நேரமெல்லாம் மேல்தாங்கி பக்கத்துக் குடியிருப்புக்கு.

முறைப்பாடு

கச்சான் காற்று அடிக்கும் வறண்ட மாதங்களில், களப்பு வாய்க்கு அப்பால் உள்ள கீழ்க் குடியிருப்புக்குத் தண்ணீர் போதவில்லை. 4 மணித்தியாலத்தில் வருவது ஆளுக்கு 50 லீற்றருக்கும் குறைவு. மிச்சத்துக்குத் தண்ணீர் ஏற்றிவரும் பவுசர் வண்டியைக் காசு கொடுத்து வரவழைத்தார்கள்.

இது ஓரிரவில் வந்த குறை இல்லை. நிலத்தாங்கியைப் பார்த்துக்கொள்ளும் அம்மா ஒருவர் சொன்னது எனக்கு மிக உதவியது: "முந்தியெல்லாம் தண்ணி திறந்தா, நான் தேத்தண்ணி வச்சுக் குடிச்சு வளவு கூட்டி முடிக்கிறதுக்குள்ள தாங்கி நிரம்பிடும் தம்பி. ஒரு மணித்தியாலம்கூட ஆகாது. இப்ப ஒண்டரை மணித்தியாலம் நிண்டாலும் விளிம்புக்கு வராது." தெருக்குழாய்களைப் பூட்டிவைத்து நிரப்பும் நாட்களைத்தான் அவர் சொன்னார். 12 ஆயிரம் லீற்றர் ஒரு மணித்தியாலத்துக்குள் நிரம்பியது என்றால், முன்பு செக்கனுக்கு 3.3 லீற்றருக்குக் குறையாமல் வந்திருக்கிறது. கொப்பியில் எழுதிவைக்காத திட்டங்களில் இப்படிப்பட்ட ஞாபகம்தான் பதிவேடு. அதைத் தட்டிக்கழிக்காமல் கேட்க வேண்டும்.

சங்கக் கூட்டத்தில் நான்கு கருத்துகள் இருந்தன. தாம்போதிக்கு, அதாவது தண்ணீரைக் கடக்கப் போட்ட தாழ்வான பாலப் பாதைக்கு, இந்தப் பக்கம், குழாய் போகும் பாதையோரம் இருப்பவர்கள் களவாக இணைப்பு எடுத்திருக்கிறார்கள் என்று கீழ்க் குடியிருப்பில் பலர் உறுதியாக நம்பினார்கள். மோட்டர் பலம் காணாது, பெரிதாகப் போட வேண்டும் என்றார் பொருளாளர். தாங்கியை இன்னும் 3 மீற்றர் உயர்த்தலாம் என்பது இன்னொன்று. நன்கொடை கேட்டு இரண்டாவது குழாய் ஒன்றைப் பக்கத்தில் போடுவதே தீர்வு என்று தலைவர் எண்ணியிருந்தார்.

முதல் கருத்துத்தான் ஆபத்தானது. பல வருடம் இடம்பெயர்ந்து திரும்பிவந்து, ஒரே கிணற்றைப் பகிர்ந்து வாழும் இரண்டு குடியிருப்புகள். "தண்ணிக் கள்ளர்" என்ற சொல் கூட்டத்தில் ஒலித்ததும் பாதையோர வீட்டுக்காரர்கள் எழுந்து போய்விட்டார்கள். சங்கச் செயலாளர், ஒரு ஆசிரியை, அதற்குப் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார். நான் நீர் வேலைகளில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊரின் பிளம்பர் தம்பி என்னோடு எல்லா இடமும் வந்தார். மண்ணுக்குள் என்ன கிடக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

மோட்டரை ஏன் முதலிலேயே ஒதுக்கினோம்

மோட்டர் செய்வது கிணற்றிலிருந்து மேல்தாங்கிக்குத் தண்ணீர் ஏற்றுவது மட்டும். அங்கிருந்து நிலத்தாங்கிக்குத் தண்ணீர் தன் பாரத்தில்தான் இறங்குகிறது. மேல்தாங்கி நிரம்பி இருக்கும்வரை, கீழே ஏற்றுவது ஒரு குதிரைவலு மோட்டரா ஐந்தா என்பது அந்தக் குழாய்க்குத் தெரியாது. விநியோகம் நடக்கும் 4 மணித்தியாலமும் தாங்கியின் மட்டம் பெரிதாக இறங்குவதில்லை என்பதை மிதவைக் கயிற்றில் பார்த்துக்கொண்டோம்.

பெரிய மோட்டருக்கு எதிராக இன்னொரு காரணமும் இருந்தது. எனக்கு அதுதான் முக்கியம். கடற்கரை மணலில் நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 மீற்றர் ஆழம் வரை நன்னீர் இருக்கும். இரு நீர்களின் அடர்த்தி வித்தியாசத்தால் வரும் கணக்கு இது. கைபன்–ஹெர்ஸ்பர்க் விதி என்பார்கள். அதே கணக்குத் திரும்பியும் வேலை செய்யும். கிணற்றில் மட்டத்தை வேகமாக இறக்கினால், அடியிலிருந்து உப்பு அதைப்போலப் பல மடங்கு மேலே எழும்பப் பார்க்கும். உள்ளே உப்பு ஏறிய கிணறு திரும்ப நல்லதாக எத்தனை மாரி வேண்டும் என்பது சுனாமிக்குப் பிறகு இந்த ஊருக்குத் தெரிந்த விஷயம். செயலாளர் அதைச் சொன்னதும் பொருளாளர் தன் யோசனையை விட்டுவிட்டார்.

கணக்கு: குழாயால் எவ்வளவு தர முடியும்

அடுத்த கேள்வி நேரானது. இந்தக் குழாய் நல்ல நிலையில் இருந்தால் எவ்வளவு தண்ணீர் தர வேண்டும்? அது தெரியாமல் "குறைவு" என்று சொல்ல முடியாது.

இதற்கு ஹேசன்–வில்லியம்ஸ் சூத்திரத்தை எடுத்தோம். அலன் ஹேசன், கார்ட்னர் வில்லியம்ஸ் என்ற இரு அமெரிக்கப் பொறியியலாளர்கள், உண்மையான குழாய்களில் அளந்த அளவுகளை வைத்து உருவாக்கி, 1905-ல் அட்டவணைகளாக வெளியிட்டது. கொள்கையிலிருந்து பிறந்ததல்ல, அனுபவ அளவீடுகளில் பொருத்தி எடுத்தது. அதனால்தான் அடுக்குகள் முழு எண்ணாக இல்லை:

ஓட்டம் = 0.2785 × சி × (உள்விட்டம்)^2.63 × (சரிவு)^0.54

ஓட்டம் செக்கனுக்குக் கன மீற்றரில், விட்டம் மீற்றரில். சரிவு என்பது மட்ட வித்தியாசத்தைக் குழாயின் நீளத்தால் வகுத்தது. "சி" என்பது குழாயின் உட்புறம் எவ்வளவு வழுவழுப்பு என்பதைச் சொல்லும் எண். பீவீசிக்கு 140 முதல் 150. புது ஜீஐ (நாகம் பூசிய இரும்பு) குழாய்க்கு ஏறக்குறைய 120. துரு பிடித்த பழைய இரும்புக்கு 100-க்குக் கீழே, மோசமானால் 60 வரைக்கும் இறங்கும். கைபேசியில் இருக்கும் கணிப்பானே இதற்குப் போதும்.

இங்கே இரண்டு இடத்தில் கவனமாக இருக்க வேண்டும்.

ஒன்று, விட்டம். 90 மில்லிமீற்றர் என்று குழாயில் அச்சிட்டிருப்பது வெளிவிட்டம். பழைய வேலையில் மிஞ்சி, சங்கக் கொட்டிலில் கிடந்த ஒரு துண்டை அளந்தோம். சுவர் 3 மில்லிமீற்றர், எனவே உள்விட்டம் 84. ஆறு மில்லிமீற்றர்தானே என்று தோன்றும். ஆனால் விட்டம் 2.63 அடுக்கில் ஏறுவதால், 90 என்று போட்டால் விடை 20 சதவீதம் கூடிவிடும்.

மற்றது, மட்ட வித்தியாசம். லெவல் கருவி வைத்து 2 கிலோமீற்றர் நடக்கத் தேவையில்லை. நிலத்தாங்கி வாயில் உள்ள வால்வைப் பூட்டி, அதே உயரத்தில் ஒரு அமுக்கமானியைப் பொருத்தினோம். தண்ணீர் அசையாமல் நிற்கும்போது உராய்வு இழப்பு இல்லை. அப்போது முள் காட்டுவது முழுக்க மட்ட வித்தியாசம்தான். முள் 1.35 பாருக்கும் 1.4-க்கும் இடையில் நின்றது. ஒரு பார் என்பது 10.2 மீற்றர் தண்ணீர். ஆக, 14 மீற்றர்.

சரிவு 14 ÷ 2100. சி எண் 150 என்றால் செக்கனுக்கு 4.1 லீற்றர் வர வேண்டும். 140 என்று இறக்கிப் போட்டால் 3.9. தேத்தண்ணி அம்மாவின் ஞாபகத்தோடு இது ஒத்துப்போனது.

தாங்கியை உயர்த்தும் யோசனையையும் இதே சூத்திரத்தில் போட்டுப் பார்த்தோம். 14 மீற்றரை 17 ஆக்கினால் ஓட்டம் 11 சதவீதம்தான் கூடும், ஏனென்றால் சரிவின் அடுக்கு 0.54. கொங்கிரீட் தாங்கி ஒன்றை 3 மீற்றர் உயர்த்தும் செலவுக்கு அது ஈடாகாது. அந்த யோசனையும் அதோடு போயிற்று.

அளவு: உண்மையில் எவ்வளவு வருகிறது

தெருக்குழாய்களைப் பூட்டிவிட்டு, நிலத்தாங்கிச் சுவரில் கரிக்கட்டியால் இரண்டு கோடு போட்டோம், இடையில் 10 சென்ரிமீற்றர். அடிப்பரப்பு 6 சதுர மீற்றர் என்பதால் அது 600 லீற்றர். முதல் கோட்டிலிருந்து இரண்டாவது கோடு வர 4 நிமிடம் 45 செக்கன் எடுத்தது. செக்கனுக்கு 2.1 லீற்றர். பலமுறை பார்த்தும் ஓரிரு செக்கன் வித்தியாசம்தான்.

வர வேண்டியதில் பாதி.

அதே நேரத்தில் மேலே இன்னொரு அளவு நடந்தது. மோட்டரை நிறுத்தி, மேல்தாங்கியின் மற்ற வாய்களை எல்லாம் பூட்டி, இந்தக் குழாயை மட்டும் திறந்துவைத்து மட்டம் இறங்குவதைப் பார்த்தார்கள். 20 சென்ரிமீற்றர் இறங்க 19 நிமிடம் 30 செக்கன். தாங்கியின் வட்டப் பரப்பைக் கொண்டு கணக்கிட்டால் செக்கனுக்கு 2.15 லீற்றர். மேலே புறப்படுவது 2.15, கீழே வந்து சேருவது 2.1. வித்தியாசம் அளவீட்டுப் பிழைக்குள் அடங்கிவிடும். வழியில் ஒருவரும் தண்ணீர் எடுக்கவில்லை. கசிவும் சொல்லும்படியாக இல்லை.

இந்த அளவை எடுக்கும்போது இரண்டு குடியிருப்பிலிருந்தும் ஆட்களை அழைத்து நிறுத்தும்படி செயலாளரிடம் கேட்டிருந்தேன். கீழ்க் குடியிருப்புக்காரர் ஒருவர் மேலே நின்று கயிற்றைப் பார்த்தார், பாதையோர வீட்டுக்காரர் ஒருவர் கீழே நின்று கோட்டைப் பார்த்தார். இரண்டு எண்ணையும் தொலைபேசியில் அவர்களே சொல்லிக்கொண்டார்கள். களவு என்ற பேச்சு அந்தக் காலையோடு நின்றுபோனது. நான் போய் "களவில்லை" என்று சொல்லியிருந்தால் அது நின்றிருக்காது.

76 என்ற எண்

2.1 லீற்றரைச் சூத்திரத்தில் திருப்பிப் போட்டு, இந்தக் குழாயின் சி எண் என்ன என்று கேட்டோம். 76 என்று வந்தது.

இந்த இடத்தில்தான் சூத்திரம் தன் வேலையைச் செய்தது. பீவீசி துருப்பிடிக்காது. உள்ளே கொஞ்சம் பாசி, வண்டல் படியலாம், 150 என்பது 135 ஆகலாம். 76 ஆகாது. 76 என்பது பல வருடம் மண்ணுக்குள் கிடந்த இரும்புக் குழாயின் எண். அப்படியென்றால் முழுக் குழாயும் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டிருக்கிறது என்று நினைக்கக் கூடாது. குழாயில் பெரும்பகுதி நன்றாக இருந்து, எங்கோ ஓரிடத்தில் தொண்டை அடைத்திருக்கிறது.

சரிபார்க்க வேறு வழியாகவும் கணக்குப் போட்டேன். 2.1 லீற்றர் ஓடும்போது நல்ல பீவீசியில் 2.1 கிலோமீற்றருக்கும் சேர்த்து உராய்வு இழப்பு ஹேசன்–வில்லியம்ஸ்படி 4 மீற்றர். உராய்வு இழப்பைக் கணக்கிடும் இன்னொரு வழியான டார்சி–வைஸ்பாக் முறையில், நம் ஊர்த் தண்ணீரின் 30 பாகை வெப்பநிலைக்குரிய பாகுத்தன்மையை வைத்துப் போட்டாலும் ஏறக்குறைய 4 மீற்றர்தான். ஹேசன்–வில்லியம்ஸ் சூத்திரம் குளிர்நாட்டுத் தண்ணீருக்கு, 15 பாகை அளவில், பொருந்த எடுத்தது என்று சிலர் தயங்குவார்கள். இந்த விட்டத்திலும் இந்த வேகத்திலும் அது நம்மைப் பிழையான பக்கம் கொண்டுபோகவில்லை.

14 மீற்றரில் 4 மீற்றருக்குக் கணக்குண்டு. மிச்சம் 10 மீற்றர் எங்கே?

இடம் கண்டுபிடித்தது

குழாயில் காற்று வால்வுக் குழி, கழுவி விடும் வாய் என்று அமுக்கமானி பொருத்தக்கூடிய இடங்கள் வழியில் மூன்று இருந்தன. ஒவ்வோரிடத்திலும் முதலில் கீழ் வால்வைப் பூட்டி நிலையான அமுக்கத்தை எழுதினோம், பிறகு திறந்து ஓடும்போது உள்ளதை எழுதினோம். இரண்டின் வித்தியாசம்தான் தாங்கியிலிருந்து அந்த இடம் வரை நடந்த இழப்பு. நிலம் மேடா பள்ளமா என்பது கழிபட்டுப் போய்விடும்.

400 மீற்றரில் இழப்பு 0.1 பாருக்குள், முள்ளில் சரியாகப் பிரித்துப் பார்க்க முடியாத அளவு. 1150 மீற்றரில், தாம்போதிக்குச் சற்று முன்னால், 0.2 பார், அதாவது 2 மீற்றர். நல்ல பீவீசிக்குச் சூத்திரம் சொன்னது 2.2. அதுவரை குழாய் குற்றமற்றது.

1260 மீற்றரில், தாம்போதியைத் தாண்டியதும், இழப்பு 1.2 பார். 12 மீற்றருக்கு மேல். 110 மீற்றர் தூரத்துக்குள் 10 மீற்றர் மட்டம் தின்னப்பட்டிருந்தது.

பிளம்பர் தம்பி உடனே சொன்னார்: "ஐயா, வெள்ளத்தில உடைஞ்ச இடம்." 2011 ஜனவரி பெருவெள்ளத்தில் களப்பு பெருகித் தாம்போதியோரம் இருந்த பீவீசியை அறுத்துக்கொண்டு போயிருக்கிறது. ஊர் தண்ணீரின்றித் தவித்த நேரம். திருத்த வந்தவர்கள் கையில் இருந்த இரண்டங்குல ஜீஐ குழாய் 12 துண்டு, மொத்தம் 72 மீற்றர், தாம்போதியின் பக்கச் சுவரில் கிளிப் அடித்துப் பொருத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த நேரத்துக்கு அது சரியான வேலை. அது தற்காலிகம் என்று யாரும் எங்கும் எழுதிவைக்கவில்லை, அதுதான் குறை. வருடங்கள் போக, உப்புக் காற்றில் வெளியே பொரிந்த அந்தக் குழாயைத் தினமும் கடந்துபோனவர்களுக்கு அது எப்போதும் அப்படியே இருந்ததாகத் தோன்றியது.

கண்டுபிடித்ததோடு நிற்காமல்

எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். ஒடுங்கிய குழாயைக் கண்டுபிடித்தாயிற்று, மாற்றினால் முடிந்தது. ஆனால் ஜீஐ பகுதியை மட்டும் சூத்திரத்தில் போட்டபோது கணக்கு உதைத்தது.

உள்விட்டம் 53 மில்லிமீற்றர், நீளம் 72 மீற்றர், ஓட்டம் 2.1 லீற்றர். சி எண் 100 என்றால் இழப்பு 2.7 மீற்றர். நன்றாகத் துருப்பிடித்து 80 என்றால் 4.1. நாம் தேடுவது 10. அதை முழுவதும் குழாயின் தலையில் போட வேண்டுமானால் சி எண் 50-க்குக் கொண்டுவர வேண்டும். இரண்டங்குலம் என்பது இந்தச் சூத்திரம் நம்பிக்கையாகப் பொருந்தும் எல்லைக்கு அருகில் உள்ள விட்டம் என்பதை ஒப்புக்கொண்டாலும், இவ்வளவு பெரிய இடைவெளியை அதால் விளக்க முடியாது. 6 மீற்றர் அளவு இழப்பு வேறெதிலோ இருக்கிறது.

அந்த 110 மீற்றருக்குள் வேறு என்ன இருக்கிறது என்று பார்த்தால், தாம்போதியின் மறுமுனையில் ஒரு கேற் வால்வு, சக்கரத்தைச் சுற்றினால் உள்ளே ஒரு கதவு ஏறி இறங்கும் வகை. முழுக்கத் திறந்திருப்பதாகத்தான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். சக்கரத்தைத் திருப்பினால் சுற்றியது. தம்பி காதை வால்வின் உடலோடு வைத்துக்கொண்டு மெதுவாகத் திறக்கும் பக்கமும் பூட்டும் பக்கமும் சுற்றினார். "சக்கரம்தான் சுத்துது ஐயா. உள்ளுக்க ஒண்டும் அசையேல்ல. தண்ணி இரையிற சத்தமும் மாறேல்ல." தண்டிலிருந்து கதவு கழன்று, பாதைக்குக் குறுக்கே பாதியில் தொங்கிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது திறந்த வால்வு.

எடுத்த முடிவுகள்

முதலில் வால்வு, பிறகு குழாய். இரண்டையும் ஒரே நாளில் செய்யலாம் என்றார் தலைவர். தனித்தனியாகச் செய்து இடையில் அளக்க வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டதற்குக் காரணம், சங்கத்தின் கையில் இருந்த காசு. குழாய் மாற்ற நிதி சேர்க்க வேண்டியிருந்தது, வால்வு உடனே வாங்கக்கூடியது. வால்வினால் மட்டும் எவ்வளவு கிடைக்கும் என்று கணக்கிட்டால் 2.8 லீற்றர். அது வந்தால், நம் கணக்கை நம்பி மிச்சக் காசைச் செலவழிக்கலாம். வராவிட்டால் நாம் எதையோ பார்க்கத் தவறியிருக்கிறோம்.

புது வால்வு போட்ட மறுநாள் கரிக்கோட்டு அளவு: 600 லீற்றருக்கு 3 நிமிடம் 38 செக்கன். செக்கனுக்கு 2.75 லீற்றர். கழற்றிய வால்வைத் திறந்து கூட்டத்தில் மேசைமேல் வைத்தார்கள். பித்தளைக் கதவு தண்டைவிட்டு நழுவி, தண்ணீர் போகும் துளையில் ஒரு பிறை அளவுதான் விட்டிருந்தது.

இரண்டாவது குழாய் போடும் யோசனையைத் தலைவர் அன்றே எடுத்துவைத்தார். 2.1 கிலோமீற்றருக்கு மண் வெட்டிக் குழாய் போடுவதும், 72 மீற்றரை மாற்றுவதும் ஒன்றல்ல. பாதி வழியில் உந்து மோட்டர் ஒன்று வைத்து இழுக்கலாம் என்று வெளியார் ஒருவர் சொன்ன யோசனையை நான் எதிர்த்தேன். அடைப்புக்கு அப்பால் நின்று இழுத்தால் குழாய்க்குள் அமுக்கம் வளிமண்டலத்துக்குக் கீழே போகும். தளர்ந்த ஒவ்வொரு குழாய் இணைப்புச் சொக்கட்டும் அப்போது சுற்றியுள்ள அழுக்கு நீரை உள்ளே உறிஞ்சும்.

தாம்போதியில் பீவீசியைத் திரும்பப் போடவில்லை. வெயிலில் கிடந்தால் அது காலப்போக்கில் நொறுங்கும் தன்மைக்கு வரும். கறுப்பு எச்டிபீஈ (ஒரு வகைப் பிளாஸ்ரிக்) குழாயைத் தேர்ந்தோம். அதன் சுவர் தடிப்பு என்பதால் 90 எடுத்தால் உள்விட்டம் 80-க்குக் கீழே போய்விடும். எனவே 110 எடுத்தோம். வெள்ளம் அடிக்கும் பக்கத்திலிருந்து, நீரோட்டம் இறங்கும் பக்கச் சுவருக்குக் குழாயை மாற்றினோம், மரக்கட்டை அடித்துவந்து மோதாமல் இருப்பதற்காக. மேடான இடத்தில் காற்று தங்காதிருக்க ஒரு காற்று வால்வு.

பழைய ஜீஐ குழாயை வெட்டியபோது உள்ளே துருக் கொப்புளங்கள் விரல் நுனி அளவுக்கு முளைத்திருந்தன. தம்பி ஒரு துண்டை வெட்டி சங்கக் கொட்டிலில் வைத்திருக்கிறார்.

விளைவு

குழாய் மாற்றிய பிறகு 600 லீற்றருக்கு 2 நிமிடம் 42 செக்கன். செக்கனுக்கு 3.7 லீற்றர். சூத்திரம் சொன்னதிலிருந்து சற்றுக் குறைவு; திருப்பிக் கணக்கிட்டால் சி எண் 134. வளைவுகள், வால்வுகள், உள்ளே படிந்த வண்டல் எல்லாவற்றையும் சேர்த்தால் பழைய பீவீசி குழாய்க்கு இது ஏற்கக்கூடிய எண். இதற்கு மேல் தோண்ட வேண்டாம் என்று அதோடு நிறுத்தினோம்.

இங்கே சங்கம் எடுத்த ஒரு முடிவைத்தான் இந்த முழு வேலையிலும் நான் மிக மதிக்கிறேன். 4 மணித்தியாலமும் திறந்துவிட்டால் நாளுக்கு 53 ஆயிரம் லீற்றர் போகும். முன்பு போனது 30 ஆயிரம். கிணற்றிலிருந்து அவ்வளவு கூடுதலாக எடுத்தால் கோடைக் கடைசியில் உப்புக் காட்டலாம் என்று செயலாளர் எச்சரித்தார். விநியோகத்தை 3 மணித்தியாலமாகக் குறைத்தார்கள். 40 ஆயிரம் லீற்றர், ஆளுக்கு ஏறக்குறைய 60. குறைக்கும்படி கேட்டது கீழ்க் குடியிருப்பைச் சேர்ந்த உறுப்பினர்கள்தான். மோட்டரை மாற்றவில்லை, பழைய மோட்டரே மெதுவாக, கூடுதல் நேரம் ஓடுகிறது. கிணற்றுக்கு அது நல்லது. பவுசர் அந்தக் கோடையில் பிறகு வரவில்லை.

இனி மாற்ற வேண்டியவை

நிலத்தாங்கிச் சுவரில் கரிக்கோட்டுக்குப் பதிலாகப் பெயின்ற் கோடு போட்டாயிற்று. மாதம் ஒருமுறை நேரம் பார்த்து கொப்பியில் எழுதுவது தாங்கிப் பொறுப்பாளர் அம்மாவின் வேலை. 600 லீற்றருக்கு 3 நிமிடத்தைத் தாண்டினால் செயலாளருக்குச் சொல்ல வேண்டும். மேல்தாங்கி நிரம்பியிருக்கும்போது மட்டுமே அளக்க வேண்டும் என்பதையும் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறோம். தாங்கி 2 மீற்றர் இறங்கியிருந்தாலே ஓட்டம் 8 சதவீதம் குறைந்து காட்டும், வீணாகப் பயப்பட வைக்கும்.

தாம்போதிக்கு முன்னும் பின்னும் அமுக்கமானி பொருத்த நிரந்தர வாய் வைத்திருக்கிறோம். ஆரம்பத்திலேயே இவை இருந்திருந்தால் குழியெல்லாம் திறக்காமல் ஒரு காலையில் இடம் தெரிந்திருக்கும். புதிதாகத் திட்டம் போடுபவர்கள் ஒவ்வொரு 500 மீற்றருக்கும் ஒன்று வைத்தால் செலவு மிகக் குறைவு.

வால்வுகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழுக்கப் பூட்டித் திறக்க வேண்டும். பூட்டும்போது கீழே தண்ணீர் நிற்கிறதா என்று ஒருவர் பார்க்க வேண்டும். சக்கரம் சுற்றுவதை மட்டும் நம்பக் கூடாது. அவசரத்தில் எதைப் பொருத்தினாலும் அதன் விட்டம், நீளம், திகதி மூன்றையும் அன்றே குழாய் வரைபடத்தில் சிவப்பு மையால் குறிக்க வேண்டும். வரைபடமே இல்லாததால், தம்பியின் ஞாபகத்தைக் கொண்டு ஒன்றை வரைந்து அதன் பிரதியைப் பாடசாலையிலும் வைத்திருக்கிறோம்.

கிணற்றில் உப்பு ஏறுகிறதா என்று காட்டும் மின்கடத்துதிறனை அளக்க ஒரு சிறு கருவி வாங்கச் சங்கம் தீர்மானித்திருக்கிறது. இந்த மாரி முடிந்ததும் முதல் அளவு எடுக்கப்படும். கச்சான் தொடங்கும்போதும் அது முடியும்போதும் எடுத்து ஒப்பிட்டுத்தான் அந்த 3 மணித்தியாலத்தைக் கூட்டுவதா, அப்படியே விடுவதா என்று முடிவு செய்வார்கள்.